அதிரசப் பாகில் மணல் ஈ பிடித்த கதை

அதிகப்பிரசங்கிகளுக்கு ஒரு சங்கம் வைத்தால் தலைவர் பதவிக்கு என்னை எதிர்த்து யாரும் நிற்க முடியாது. ஒன்றைச் செய்யச் சொன்னால் சொல்லாத இரண்டையும் சேர்த்துச் செய்வேன். கருவடிக்குப்பத்து அஞ்சலையக்காவின் பசு மாடு இதற்குச் சாட்சி.

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போய் இரண்டு மூன்று வருடம் இருக்கும். காய்ச்சல் பரப்பும் மணல் ஈ ஊருக்குள் இருக்கிறதா என்று பார்க்க மெட்ராஸிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். அவருக்குக் கீழே நான் தற்காலிகப் பூச்சி பிடிப்பவன். (அம்மா சொந்தக்காரர்களிடம் "டாக்டருக்கு அடுத்தபடி" என்று சொல்லிவைத்திருந்தாள்.) காகிதத்தில் விளக்கெண்ணெய் தடவி, சாயங்காலம் மாட்டுக் கொட்டகையில் தொங்கவிட வேண்டும். விடிந்ததும் ஒட்டியிருப்பதை எடுக்க வேண்டும். பத்து நாளாக ஒட்டியதெல்லாம் கொசுவும் தூசியும்தான்.

"நாளைக்கு நானே வந்து பாக்கிறேன். ஒரு மணல் ஈயாவது இருந்தா உன்னை நிரந்தரம் பண்ண எழுதுறேன். இல்லைன்னா இந்த வாரத்தோட மூட்டை கட்ட வேண்டியதுதான்" என்றார் அதிகாரி.

வீட்டுக்கு வந்தால், அம்மா தீபாவளி அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தாள். கரண்டியை விட்டு இறங்க மனமில்லாமல் பாகு இழுபட்டதைப் பார்த்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது. வழுக்கும் விளக்கெண்ணெய் எங்கே, இது எங்கே! இதில் யானை உட்கார்ந்தால்கூட எழுந்திருக்காதே! அம்மா மாவு எடுக்கத் திரும்பிய நேரத்தில் ஒரு சொம்பு பாகு காணாமல் போனது.

ஆறு காகிதத்தில் பாகைப் பூசி, அஞ்சலையக்கா கொட்டகையில் கட்டினேன். மணல் ஈ தாழப் பறக்கும் என்பதால் தாழவே கட்டினேன். (என்ன அறிவு!) மிச்சமான விளக்கெண்ணெயை வீணாக்குவானேன் என்று, வெயிலில் அலைந்த சூடு தணிய என் தலையில் தேய்த்துக்கொண்டேன். அது பிடரி வரை வழிந்தது.

சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை. விடிவதற்கு முன்பே போய், உள்ளே நுழைந்து ஈக்களைக் கலைத்துவிடக் கூடாது என்று கொட்டகை வாசலில் மண்சுவரை ஒட்டி உட்கார்ந்தேன். வராத தூக்கம் அங்கே வந்துவிட்டது.

ஜீப் சத்தத்தில்தான் விழித்தேன். "வாங்க சார்! உள்ள வந்து பாருங்க சார்!" என்று குதித்துக்கொண்டு அதிகாரியை அழைத்துப் போனேன்.

உள்ளே கயிறுகள் மட்டும் தொங்கின. ஆறாவது காகிதத்தின் கடைசித் துண்டு மாட்டின் வாயோரம் ஆடிக்கொண்டிருந்தது.

அஞ்சலையக்கா ஓடி வந்தார். "அய்யோ, என் மாட்டுக்கு இன்னா மருந்துடா வச்ச? முசே, நீங்களே கேளுங்க!" (முசே என்றால் பிரெஞ்சில் ஐயா. பேன்ட் போட்டவர்கள் எல்லாரும் எங்கள் ஊரில் அப்போது முசேதான்.)

அதிகாரி அந்தத் துண்டைப் பிடுங்கி லென்ஸில் பார்த்தார். "முப்பது எறும்பு இருக்கு" என்றார். பிறகு மோந்து பார்த்தார். "என்ன தடவினே?"

"விளக்கெண்ணெய் சார்."

"விளக்கெண்ணெயில ஏலக்காய் எப்பய்யா போட ஆரம்பிச்சாங்க?"

என் வேலை போயிற்று என்று புரிந்தது. அம்மா முகம் கண் முன்னால் வந்தது. அழுகை முட்டத் தலை குனிந்தேன்.

"அசையாதே!" என்று கத்தினார் அதிகாரி.

அடிக்கப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். எண்ணெய் வழிந்த பிடரியில் லென்ஸ் சில்லென்று பட்டது. "ரோமம் இருக்கு... றெக்கை தூக்கி நிக்குது... அதேதான்! ஒண்ணு, ரெண்டு... மூணு!" மனிதர் ஆனந்தத்தில் என் தோளில் தாளம் போட்டார். அஞ்சலையக்கா என் தலையைப் பிடித்துக்கொள்ள, அவர் ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்துக் குப்பியில் போட்டார். வேடிக்கை பார்க்கத் தெருவே கூடிவிட்டது.

பதிவேட்டில் 'பிடித்த இடம்' என்ற கட்டத்தில் அவர் தயங்காமல் எழுதினார்: ஊழியரின் பிடரி. என்னை நிரந்தரமாக்கச் சொல்லியும் எழுதினார். மாட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்று வழக்கத்தைவிட அரைப்படி கூடுதலாகக் கறந்தது என்று அஞ்சலையக்காவே பிறகு ஒப்புக்கொண்டார்.

அந்த உத்தியோகத்திலேயே ஓய்வும் பெற்றுவிட்டேன். எங்கள் வீட்டில் மட்டும் இன்றும் தீபாவளிக்குப் பாகு காய்ச்சும்போது நான் சமையலறைப் பக்கம் போகக் கூடாது. மீறி எட்டிப் பார்த்தால், என் மனைவி கரண்டியும் கையுமாக வந்து என் பிடரியைத் திருப்பிப் பார்ப்பாள்.

"இன்னிக்கு ஒண்ணும் மாட்டல. போய் உக்காருங்க."