இரைச்சல் பேயும் ஒரு விரலும்

மாடிப்படியில் கூட்டம் முண்டியடித்தது. கீழே ஒலிக்கருவிக் கடை. மேலே ஒலியடிகளார் என்ற சாமியாரின் அருள்கூடம். கடையில் மைக்குகளை இணைக்கும் மிக்ஸர் கருவி வாங்க வருகிறவர்களுக்கு மட்டும்தான் மாடியில் தரிசனம். இந்த ஏற்பாட்டைக் கடவுள் செய்தாரா, கடைக்காரர் செய்தாரா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்தவர்களுக்கு மாடியில் என்ன வேலை?

பேய்க்கதை சொல்லும் தம்பதி வந்திருந்தார்கள். மாமியாரைப் பற்றி மட்டுமே பாட்காஸ்ட் நடத்தும் ஒரு மருமகள் வந்திருந்தாள். எல்லோருக்கும் ஒரே ஆசை: வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டும், ஊரே கேட்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே நோய்: பதிவு செய்ததைக் கேட்டால் பேச்சுக்குப் பின்னால் ‘உஸ்ஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சல்.

அது இரைச்சல் அல்ல, இரைச்சல் பேய் என்பது அடிகளாரின் கண்டுபிடிப்பு.

வரிசையில் பல் டாக்டரும் நின்றார். ஆமாம், படித்தவர்தான். பட்டத்தைக் கிளினிக் சுவரில் மாட்டியவர், அன்றைக்கு மூளையையும் அதன் பக்கத்திலேயே மாட்டிவிட்டு வந்திருந்தார். கூடவே அவருடைய நாத்தனார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவள் கேள்வி கேட்க, டாக்டர் பதில் சொல்ல, வெளிச்சத்தம் விழாமலிருக்கத் துணி அலமாரிக்குள் உட்கார்ந்து இருவரும் பல்லைப் பற்றி ஒரு பாட்காஸ்ட் நடத்தி வந்தார்கள். ஒரே மைக்கில் இரண்டு பேரும் முட்டிக்கொண்டதில் டாக்டரின் மூக்குக் கண்ணாடி உடைந்தது. அதனால்தான் மிக்ஸர் தேடி வந்தார்கள்.

“அண்ணி, நமக்கு எத்தனை வாய்?” என்றாள் நாத்தனார்.

“ரெண்டு. ஏன்?”

“அப்ப ரெண்டு மைக் செருகுற மிக்ஸர் போதுமே! ஹெட்போன் மாட்டலாம், நேரா கம்ப்யூட்டர்ல இணைக்கலாம், விலையும் கையக் கடிக்காது. கீழ கண்ணாடி அலமாரியில ஒண்ணு தூங்குது. அடிகள் வாங்கச் சொன்ன அந்தப் பதினாறு வாய் ராட்சசன் எதுக்கு?”

“என் குரல்ல பதினாறு ஒளி இருக்குன்னு போன தடவை அடிகள் சொன்னாரே!”

“இருந்துட்டுப் போகட்டும். கிளினிக் நாற்காலிக்குச் சேர்த்து வச்சதை இங்க கொட்டப் போறீங்களா? போன வாரம்தான் அந்தப் பழைய நாற்காலி ஒரு ஆளைக் குப்புறத் தள்ளிச்சு.”

“சும்மா வா. சாமி காதுல விழுந்துடப் போகுது.”

அடிகளார் காதில் எல்லாமே விழும். பெட்டியைத் திறக்காமலே உள்ளே இருக்கும் மிக்ஸரின் குறையைக் கேட்டுச் சொல்வார். நாத்தனார் ஓர் அட்டைப்பெட்டியை ஒட்டி எடுத்து வந்திருந்தாள். அடிகளார் அதில் காதை வைத்தார். கண்ணை மூடினார்.

“ஐயோ! இடப்பக்கம் விம்முகிறதே! எவனோ கண் வைத்துவிட்டான்!”

கூட்டம் ‘உச்’ கொட்டியது. நாத்தனார் பெட்டியைப் பிரித்தாள்.

“சாமி, இது மிக்ஸர் இல்ல. எங்க வீட்டு மிக்ஸி.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அடிகளார் அசரவில்லை. “மகளே, தினமும் வெங்காயம் அரைத்தால் அது விம்மாமல் என்ன செய்யும்?”

மாடி அதிரக் கைதட்டல்! மாட்டிக்கொண்டவன் சமாளித்தால் அதற்கும் தட்டுகிற கைகள். டாக்டரும் தட்டினார். நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்து பெரிய அற்புதம். பதினாறு வாய் மிக்ஸரை மேசையில் வைத்து, மைக்கையும் ஸ்பீக்கரையும் மாட்டினார்கள். ‘உஸ்ஸ்ஸ்!’ பேய் வந்துவிட்டது. அடிகளார் கருவிமேல் கறுப்புத் துணியைப் போர்த்தினார். இரண்டு கையையும் துணிக்குள் விட்டார். மந்திரம் முழங்கியது.

டாக்டர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. நாள் முழுக்க இருட்டான வாய்களுக்குள் சின்னச் சின்ன அசைவுகளைப் பார்க்கிற கண் அது. துணிக்கடியில் மணிக்கட்டு ஒன்று மெல்லத் திரும்பியது. உடனே பேய் போனது.

டாக்டருக்குக் காது மடல் சிவந்தது. பல்லிலிருந்து புழு எடுப்பதாக ஊரை ஏமாற்றும் ஆளைப் பற்றி அவரே போன மாதம் மைக்கில் கிழிகிழி என்று கிழித்திருந்தார். ‘முதல்ல அவன் கையைத் திறந்து காட்டச் சொல்லுங்க’ என்று ஊருக்கெல்லாம் சொன்னவர்!

“சாமி, இன்னொரு தடவை பேயைக் கூப்பிடுங்க. இந்தத் தடவை துணி வேண்டாம். கையைப் பின்னால கட்டிக்கிட்டு மந்திரம் மட்டும் சொல்லுங்க.”

“கைதான் அம்மா அருள் பாயும் குழாய்.”

“பாயட்டும். ரெண்டடி தள்ளி நின்னு பாயட்டுமே.”

கூட்டத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை. கையில்லாத அற்புதம்! “செய்யுங்க சாமி! செய்யுங்க!” நம்பியவர்களே அவரை மாட்டிவிட்டார்கள். மறுபடி ‘உஸ்ஸ்ஸ்’ எழுந்தது. அடிகளார் மந்திரம் சொன்னார். பேய் நகரவில்லை. குரலை உயர்த்தினார். பேய் சட்டை செய்யவில்லை. வியர்த்தது. பரவசம் வந்தவர்போல் தள்ளாடி முன்னால் வந்தார், குனிந்தார், மூக்கால் மிக்ஸரின் திருகு ஒன்றைத் திருப்பினார்.

தப்பான பக்கம்.

‘கீ...ஈ...ஈ...ஈ!’ ஸ்பீக்கர் அலறிய அலறலில் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. முதலில் ஓடியவர்கள் பேய்க்கதைத் தம்பதி.

நாத்தனார் சாவகாசமாக வந்து அதே திருகை ஒரு விரலால் மறுபக்கம் திருப்பினாள். நிசப்தம்.

“மைக் சத்தத்தைக் கூட்டுற திருகு இது. அளவுக்கு மேல கூட்டினா இரையும், இன்னும் கூட்டினா அலறும், குறைச்சா அடங்கும். இதுதான் உங்க பேய்.”

கீழேயிருந்து கடைக்காரர் மூச்சிரைக்க ஏறி வந்தார். யாரும் கேட்பதற்கு முன்பே, “எனக்கும் இந்த ஆளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல!” என்றார்.

“என்ன மச்சான் இப்படிச் சொல்ற?” என்று அடிகளார் அழாத குறையாகக் கேட்டார். “நீதானே எல்லாத்தையும் அளவுக்கு மேல திருகி வச்சு மேல அனுப்புன?”

அதற்குப் பிறகு மாடியில் எழுந்த சத்தத்தை எந்தத் திருகாலும் குறைக்க முடியவில்லை.

டாக்டர் அடுத்த தெருக் கடையில் இரண்டு மைக் செருகும் சின்ன மிக்ஸர் ஒன்றை ஓட்டிப் பார்த்து வாங்கினார். “நான் இவ்வளவு ஏமாளியா?” என்று வழியெல்லாம் புலம்பினார். “இன்னிக்கு மதியம் வரைக்கும்தான் அண்ணி” என்றாள் நாத்தனார். இருவரும் தெருவில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

மறுநாள் காலையில் டாக்டர் வீட்டுக் கதவைத் திறந்தால் வாசலில் வரிசை! ஆளுக்கொரு மிக்ஸர். முன்னால் அந்த மாமியார் பாட்காஸ்ட் மருமகள். நாத்தனாரைப் பார்த்ததும் கைகூப்பினாள்.

“அம்மா, உங்க விரலால எங்க மிக்ஸரையும் ஒரு தடவை தொட்டுக் கொடுங்க!”

நாத்தனார் விரலை மடக்கிப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். டாக்டர்தான் முன்னால் வந்தார்.

“திருகுறதுக்கு உங்க கையிலயே விரல் இருக்கு. எந்தப் பக்கம் திருகணும்னு யோசிக்கிறதுக்கு மேல தலை இருக்கு. அதைக் கழற்றி இங்க வச்சுட்டுப் போகாதீங்க. எங்க வீட்ல இடம் கிடையாது!”