இன்னும் வராத காருக்கு மேலே ஒரு ஹீட்டர்

விக்கிரமசிங்கபுரம்,
வெள்ளிக்கிழமை.

கண்ணியமிக்க வாப்பாவுக்கு மகள் ஸமீஹா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் துஆவால் உம்மாவும் நானும் சுகம். தம்மாமில் வெயில் தணிந்து நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசும்போது நான் சொல்ல வேண்டியதை எல்லாம் பக்கத்தில் நிற்கும் உம்மாவே சொல்லிவிடுகிறாள். அதனால் அடுத்த வாரம் தம்மாமுக்குத் திரும்பும் அஃப்சல் காக்காவிடம் அல்வாவோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். அல்வாவைச் சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள்.

கார் ஷெட்டில் ஹீட்டரைப் போட்ட அன்று நான் முதலில் கவனித்தது மிக்ஸியின் சத்தத்தைத்தான். அடுக்களையில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்த மிக்ஸி, சளி பிடித்தவர் குரல் போல இறங்கி, இழுத்து, நின்றுவிட்டது. "ஏட்டி, ஷெட்டுல என்னத்தப் போட்ட? மிக்ஸி மூச்சு வாங்குது" என்று உம்மா கேட்டு முடிப்பதற்குள் வீட்டிலும் ஷெட்டிலும் கரண்ட் போய்விட்டது. அப்போது என் கையில் நூல் மில்லில் வேலை பார்க்கும் இசக்கியம்மா அக்காவின் பாதி அலசிய தலை இருந்தது.

உங்கள் ஷெட்டில் இசக்கியம்மா அக்காவின் தலைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். 'புள்ள சும்மா மருதாணி வச்சுப் பழகுது' என்று உம்மா உங்களிடம் சொல்லியிருப்பது பாதி உண்மை. மீதி உண்மை, நீங்கள் வாங்கப்போகும் காருக்காக நாலு வருடத்துக்கு முன் கட்டிய ஷெட்டில் நான் பெண்களுக்கான பார்லர் வைக்கப்போகிறேன். ஒன்பதாவதோடு நின்று மூன்று வருடம் பீடி சுற்றிய பிறகு, அம்பாசமுத்திரத்தில் ஆறு மாதம் பயிற்சிக்குப் போனேன் அல்லவா, அதற்காகத்தான். தலைக்கு மருதாணி போட்டு அலச வெந்நீர் வேண்டும். மலையிலிருந்து இறங்கும் தண்ணீரை மார்கழியில் ஒருத்தி தலையில் ஊற்றினால், அவள் மறுபடி வருவது இருக்கட்டும், நம் தெரு வழியாகவே போகமாட்டாள்.

ஹீட்டரை மாட்ட எலக்ட்ரீஷியன் ஜெபசீலன் அண்ணன் வந்தார். "ஹீட்டர எங்கன மாட்டணும் தங்கச்சி?" என்று கேட்டார். நான் விரலை நீட்டுவதற்குள் உம்மா, "அங்கன வேண்டாம், காரு வந்தா இடிக்கும்" என்றாள்.

"எந்தக் காரு?"

"வரும்."

"எம்புட்டு உசரம் இருக்கும்?"

"அவுக நெஞ்ச நிமித்தி ஏறுத உசரம்."

அண்ணன் வெளியே போய்த் தெருவில் நின்ற ஸ்கூல் வேனை அளந்துவிட்டு வந்தார். ஆறே முக்கால் அடி. உம்மாவுக்கு அதிலும் திருப்தி இல்லை. "பொட்டல்புதூர் தர்கா கந்தூரிக்குப் போகையில மேல பாயும் சட்டியும் கட்டணும்லா?" பாய்க்கும் சட்டிக்கும் ஒன்றரை அடி சேர்ந்து ஹீட்டர் எட்டே கால் அடிக்கு ஏறியது. சுவிட்ச் தாழ இருந்தால் கார்க் கதவு தட்டுமாம், அதுவும் கூடவே ஏறியது. நான் நாலே முக்கால் அடி வாப்பா. ஒட்டடைக் கம்பால் குத்தித்தான் வெந்நீர் போடுகிறேன். கார் நிற்க நடுவில் இடம் விட்டதால், தலை அலச வருகிறவர்கள் சுவரோரம் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். இன்றைய தேதிக்கு அந்த ஷெட்டில் வசதியாக இருப்பது உங்கள் கார் மட்டும்தான்.

மொட்டைமாடித் தொட்டி ஹீட்டருக்கு ஒரு முழம்தான் மேலே இருக்கிறது. அதனால் தண்ணீர் நூல் மாதிரி இறங்கியது. நூல் இசக்கியம்மா அக்காவுக்குப் பழக்கம்தான் என்றாலும், மதியம் லுஹர் பாங்குக்குத் தலையைச் சாய்த்தவள் சாயங்காலம் அஸர் பாங்குக்குத்தான் நிமிர்ந்தாள். "இந்நேரம் மில்லுல அர ஷிப்டு ஓட்டிருப்பேன் தங்கம்" என்றாள். கரண்ட் போன பிறகு மீதித் தலையைப் பச்சைத் தண்ணீரில் அலசினேன். பல் தந்தியடிக்க எழுந்து போய்க் கண்ணாடியில் பார்த்தவள், சிவந்த முடியை முன்னால் இழுத்துப் போட்டு விரலால் கோதிக்கொண்டாள். பிறகு, "தை மாசம் என் தங்கச்சி கல்யாணத்துக்கு நீதான் வரணும். ஆனா முகூர்த்தத்துக்குள்ள அலசி முடிச்சிருவல்லா?" என்று கேட்டாள்.

ஜெபசீலன் அண்ணன் மறுநாள் வந்து பார்த்தார். "இது ஒத்த பல்புக்கு இழுத்த வயரு தங்கச்சி. வீட்டு லைன்ல கடை நடத்தவும் கூடாது. தனி மீட்டர் எடுத்திரு" என்றார். நானும் கூட்டிப் பார்த்தேன். ஹீட்டர் இரண்டாயிரம் வாட், முடி காயவைக்கும் மெஷின் ஆயிரத்து இருநூறு, ஃபேனும் லைட்டும் நூறு. இதோடு உம்மாவின் மிக்ஸியும் சேர்ந்தால் எந்த வயரும் பாவம்தான். வீடு உங்கள் பெயரில் இருப்பதால் மீட்டருக்கு உங்கள் கையெழுத்து வேண்டும். படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், பென்சிலால் குறி போட்ட இடத்தில் போடுங்கள். அது வராவிட்டால் பார்லர் இல்லை, பரணில் இருக்கும் பீடித் தட்டு மறுபடி என் மடிக்கு இறங்கிவிடும்.

பயப்பட வேண்டாம். கார் வருகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஒரே நாளில் நாற்காலி, பேசின் எல்லாவற்றையும் எடுத்து ஷெட்டைக் கழுவித் தந்துவிடுவேன். ஹீட்டரைக் கழற்றவே வேண்டாம், அதன் அடியில் பாய், சட்டியோடு கார் தாராளமாக நிற்கும். நீங்கள் இன்னும் கார் ஓட்டப் பழகவில்லை என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அல்லாஹ் உங்கள் உடம்புக்கு ஆரோக்கியமும் சம்பாத்தியத்தில் பரக்கத்தும் தரட்டும். உம்மா சலாம் சொல்லச் சொன்னாள். கடிதத்தில் வேறு என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

என்றும் உங்கள் சொல் தட்டாத மகள்,
ஸமீஹா

பி.கு: கவரை ஒட்டப் போகும்போது உம்மாவுக்கு உங்கள் போன் வந்தது. காருக்குச் சொல்லிவிட்டீர்களாம், அடுத்த மாதம் நீங்கள் வந்து இறங்கும்போது காரும் வாசலில் நிற்குமாம். உம்மா அதை இப்போது தெருவில் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஜெபசீலன் அண்ணன் மிச்ச வேலைக்கு ஷெட்டுக்கு வந்திருந்தார். நான் படிவத்தைக் கவருக்குள் வைத்துவிட்டுப் போய், ஹீட்டரையும் சுவிட்சையும் என் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறக்கச் சொன்னேன்.