ஒரு பிள்ளையைக் கூட்டிவர மூன்று ஏற்பாடு

கவலைப்படுகிறவர்கள் ஒரு வேலையை ஒரு ஆளிடம் விட்டுவிட்டு நிம்மதியாக இருக்க மாட்டார்கள். நானும் அந்த இனம். அடுப்பை அணைத்துவிட்டேனா என்று பார்க்கப் பாதி வழியில் இறங்கித் திரும்பியவள்.

அப்படிப்பட்டவள் முன்பள்ளிக்குப் போகும் சின்ன மகளை வைத்துக்கொண்டு கணினி விஞ்ஞானத்தில் முதுமாணிப் பட்டம் படிக்கப் போனேன். (யாரும் கட்டாயப்படுத்தவில்லை.) உயர்நிலைக் கணினிக் கட்டமைப்பு என்ற பாடம் என்னை வாட்டி எடுத்தது. இடைத்தேர்வில் வாங்கிய புள்ளியை என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. வகுப்பின் முன் நின்று செய்யும் விளக்கவுரையிலும் சறுக்கினால் படிப்பை விட்டுவிட வேண்டியதுதான்.

என் தலைப்பு கேஷ் என்ற சிறு நினைவகம். கணினிச் செயலிக்குள் கணக்கிடும் அலகான ஒவ்வொரு கோரும் அடிக்கடி தேவைப்படும் தகவலின் பிரதியொன்றைத் தன் பக்கத்திலேயே வைத்திருக்கும். ஒரு கோர் அந்தத் தகவலை மாற்றினால், உங்களிடம் இருக்கும் பழைய பிரதி செல்லாது என்று மற்றவற்றுக்கும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஒவ்வொன்றும் பழசை நம்பி வேலை செய்யும்.

அது பெரஹரா ஊர்வலம் நடக்கும் வாரம். பின்னேரம் கண்டியில் வீதிகளை மூடிவிடுவார்கள் என்பதால் விளக்கவுரையை முற்பகலுக்கு மாற்றினார்கள். கட்டுகஸ்தோட்டையில் மகளின் முன்பள்ளியும் நேரத்தோடு விடும் என்றார்கள். காலையில் கணவரிடம், பிள்ளையை நீங்கள் கூட்டிவாருங்கள் என்றேன். பஸ்ஸில் ஏறியதும் சந்தேகம் வந்தது. சாப்பாட்டுப் பெட்டியையே வேலை செய்யும் கந்தோரில் மறந்துவிட்டு வரும் மனிதர். அவருடைய அம்மாவான அத்தைக்கு அழைத்துச் சொன்னேன். பிறகு அத்தையின் முழங்கால் வலி ஞாபகம் வந்தது. முச்சக்கரவண்டி ஓட்டும் நஸீர் நானாவுக்கு அழைத்து, பிள்ளையை நேரே பல்கலைக்கழகத்துக்கு என்னிடமே கொண்டுவரச் சொன்னேன். அதன்பிறகுதான் மூச்சு வந்தது. முந்திய ஏற்பாடு இல்லை என்று மட்டும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

படத்தில் நான்கு கோர்களைக் காட்டி, பழைய பிரதியால் வரும் ஆபத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. துண்டித்தேன். மறுபடியும் அதிர்ந்தது. அவசரமாக இருக்கலாம், எடுங்கள் என்றார் விரிவுரையாளர்.

"பிள்ள இங்க இல்ல," என்றார் கணவர். "அம்மாவும் வந்து நிக்கிறாங்க. யாரோ த்ரீவீல்காரர் கூட்டிட்டுப் போனாராம். புது டீச்சருக்குப் பேர் தெரியல."

யாரோ என் பிள்ளையைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று வகுப்புக்கு முன்னாலேயே அழ ஆரம்பித்தேன். நஸீர் நானா என்ற பெயரே என் மூளையில் இல்லை. பின்வரிசைத் தோழி பொலிசுக்கு அழைக்க எண்ணைத் தேடினாள்.

அப்போது கதவு திறந்தது. பொலித்தீன் உறையில் அடைத்த ஆரஞ்சு ஐஸ் பக்கெட்டை உறிஞ்சியபடி என் மகள். பின்னால் நஸீர் நானா.

"தங்கச்சி, நீங்க தானே செல்லின, நேரா இங்க கூட்டி வரச் செல்லி? இப்பவே ரோட மூடுற, அதான் சுத்தி வந்த."

மகளை அள்ளி எடுத்தேன். சட்டையெல்லாம் ஆரஞ்சு நிறமாகியது. துண்டிக்காத கைப்பேசியில் இப்போது அத்தையின் குரல்.

"எங்கிட்ட சொன்னத எப்ப மாத்துன?"

தோழி நடந்ததைத் தமிழ் தெரியாத விரிவுரையாளருக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. திரையைக் காட்டி, இந்த அமைப்பில் பழைய பிரதி செல்லாது என்று அறிவிக்கத் தவறியது யார் என்று கேட்டார். பிள்ளையை இடுப்பில் வைத்தபடி என்னையே சுட்டிக் காட்டினேன். சரி, தொடருங்கள் என்றார்.

அந்தப் பாடத்தில் தேறினேன். உதாரணம் நன்று, செயற்படுத்தலில் கவனம் தேவை என்று புள்ளித்தாளில் விரிவுரையாளர் எழுதியிருந்தார்.

எங்கள் வீட்டில் இப்போது கடைக்குப் போவதென்றாலும் அத்தை வாசலில் நின்று கேட்பார்: "பழசு செல்லாதுன்னு எல்லாருக்கும் சொல்லியாச்சா?" பாடசாலைக்குப் போகும் மகளும் அதே தொனியில் கேட்கப் பழகிவிட்டாள்.

நேற்று மாலை பேக்கரியில் ஒரு பாண் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மேசையில் ஏற்கெனவே கணவரும் அத்தையும் வாங்கிவந்த இரண்டு பாண் இருந்தன. மகள் என் கையிலிருந்த மூன்றாவதை வாங்கி, அவற்றின் பக்கத்தில் வரிசையாக வைத்தாள்.