கேண்டீனில் பசி சுழியம்

பினாங்குப் பாலம் தீவையும் பெருநிலத்தையும் இணைத்தது என்று பெரிதாகப் பேசுகிறார்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் எங்கள் தொழில்நுட்பத் தலைவர் கோகிலன் அதைவிட அரிய காரியத்தைத் தனியொருவராகச் சாதித்தவர். தம் ஒரு பதவியையும் அடுத்த பதவியையும், நடுவில் யாரும் கேள்வி கேட்க இடமில்லாமல் இணைத்தார். அவருக்கு உதவியாளனாக இருந்து, அவர் பெருமைகளை இணையத்தில் எழுதிப் போடும் பேறு பெற்றவன் நான். பெயர் சுகுமாரன்.

"ஒரே நாற்காலியில உக்காந்தா நாற்காலிக்குத்தான் அனுபவம் கூடும்," என்பார் கோகிலன். ஆகவே எங்கள் கணினிச் சில்லுத் தொழிற்சாலையில் ஆண்டுத் தொடக்கத்தில் அவர் 'தகவல் பாதுகாப்புத் தலைவர்' ஆனார். கைப்பேசியில் கேமரா இருக்கிறது, கேமரா வழியே ரகசியம் கசியும் என்று கண்டுபிடித்தார். உற்பத்திப் பிரிவில் வேலை செய்பவர்கள் காலையில் கைப்பேசியை வாசலில் பூட்டிவிட்டு, வேலை முடிந்துதான் எடுக்க வேண்டும் என்று ஆணையிட்டார். ரகசியம் காப்பாற்றப்பட்டது. அவருக்கு ஒரு கேடயமும் கிடைத்தது.

உடனே 'மின்னிலக்க அனுபவத் தலைவர்' ஆனார். அனுபவிக்க யார் கிடைப்பார்கள் என்று தேடியபோது கேண்டீன் நடத்தும் சுலைமான் அண்ணன் அகப்பட்டார்.

சுலைமான் அண்ணனின் மீன் தலைக் கறிக்காகவே வேலையை விடாமல் இருப்பவர்கள் எங்களிடம் உண்டு. மணி அடித்தால் வரிசை வாசல்வரை நிற்கும். அந்த வரிசைதான் கோகிலனின் கண்ணை உறுத்தியது.

"வரிசைங்கறது பழைய டெக்னாலஜி லா," என்றார் கூட்டத்தில். "இனிமே எல்லாரும் காலையில ஒன்பதுல இருந்து பத்துக்குள்ள செயலியில ஆர்டர் போடணும். ஆர்டர் வந்த சாப்பாட்ட மட்டுந்தான் சமைக்கணும். மாசக் கடைசியில ஆர்டரப் பாத்துத்தான் கேண்டீன் ஒப்பந்தத்தப் புதுப்பிப்போம்."

சுலைமான் அண்ணனின் முகம் சுண்டிப் போயிற்று. இரண்டு பிள்ளைகளையும் அந்தக் கேண்டீன் வருமானத்தில்தான் படிக்க வைத்துக்கொண்டிருக்கிறார்.

நான் கையைத் தூக்கினேன். "சார், அந்த நேரத்துல அவங்க போன் வாசல்ல பூட்டிக் கெடக்குமே?"

"யாரு பூட்டச் சொன்னது?"

"நீங்கதான் சார்."

"அது பாதுகாப்புத் தலைவர் போட்ட உத்தரவு, சுகு. எனக்கு முன்னால இருந்தவரோட முடிவுல நான் தலையிடறது நாகரிகமா?"

கூட்டமே மெய்சிலிர்த்தது. முன்னால் இருந்தவர் தாமேதான் என்றபோதும் மரியாதை குறைக்காத பண்பு எத்தனை பேருக்கு வரும்?

முதல் நாள் மூன்று ஆர்டர்கள் வந்தன. ஒன்று கோகிலன். ஒன்று நான். இன்னொன்று, மனிதவளப் பிரிவின் ஷர்மினி செயலி வேலை செய்கிறதா என்று சும்மா அழுத்திப் பார்த்தது. உற்பத்திப் பிரிவுப் பெண்கள் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துத் தின்றுவிட்டு ஓடினார்கள். ரொஸ்னா என்பவள் இயந்திரத்தருகே மயங்கிச் சாய்ந்தாள். இயந்திரம் நின்றதா என்று உடனே விசாரித்தோம். நிற்கவில்லை. ஆகவே அது 'சம்பவம்' என்று பதியப்படவில்லை.

சுலைமான் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, எதிர்ல வந்து நின்னு பசிக்குது அண்ணேங்குறாங்க. சட்டியில ஒண்ணும் இல்லன்னு எந்த வாயால சொல்றது? பாஸ்கிட்ட நீங்களாச்சும் சொல்லுங்க லா. இந்த ஒப்பந்தம் போச்சுன்னா நான் எங்க போவேன்?"

சொன்னேன். கோகிலன் சுவரில் இருந்த பெரிய திரையைக் காட்டினார். வரிசை: சுழியம். வீணான உணவு: சுழியம். புகார்: சுழியம். புகாரையும் செயலியில்தான் கொடுக்க வேண்டும்.

"தரவுல வராத பசி, பசியே இல்ல சுகு."

அந்த வாசகத்தைப் பூப்போட்ட எழுத்தில் இணையத்தில் போட்டேன். ஆயிரம் பேர் விரும்பினார்கள். ஜார்ஜ்டவுன் ஹோட்டல் ஒன்றில் 'உணவை வீணாக்காத தலைவர்' விருது கொடுத்தார்கள். அன்றைய விருந்தில் மிஞ்சியதை வண்டி வண்டியாகப் பின்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

விருதைப் பார்த்து, பட்டர்வொர்த்தில் ஒரு தனியார் மருத்துவமனை கோகிலனைக் கொத்திக்கொண்டு போயிற்று. மாதக் கடைசியில் அவருக்குப் பிரியாவிடை. 'கேண்டீனுக்குத் தேவை இல்லை' என்று திரை சொல்லிவிட்டதால் சுலைமான் அண்ணனுக்கும் அதே நாள்தான் கடைசி நாள். அதற்குப் பிரியாவிடை என்று பெயர் வைக்கவில்லை. இரண்டு மணிக்குள் சட்டிகளை எடுத்துவிட வேண்டும் என்று மட்டும் சொன்னார்கள்.

அன்று மதியம் மணி அடித்தபோது கறி வாசம் மாடிவரை ஏறி வந்தது. திரையில் ஆர்டர் சுழியம். எட்டிப் பார்த்தால் வரிசை வாசலைத் தாண்டி வெயிலில் நிற்கிறது! அண்ணன் சட்டி நிறைய ஆக்கி வைத்து, யாரிடமும் ஒரு வெள்ளிகூட வாங்காமல், "மக்கான், மக்கான், சாப்பிடுங்க, நல்லாப் போட்டுக்குங்க," என்று அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். ரொஸ்னா இரண்டாம் தடவையும் வாங்கினாள்.

கோகிலனுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. பிரியாவிடைக் கேக்கை அப்படியே விட்டுவிட்டு இறங்கினார். பழக்க தோஷத்தில் செயலியைத் திறந்தார். அவர் கணக்கை அன்று காலையிலேயே மூடியிருந்தார்கள். வேறு வழியில்லாமல், அவர் ஒழித்துவிட்ட வரிசையில், கடைசி ஆளாக நின்றார்.

அவர் முறை வந்தது. அண்ணன் சட்டியைச் சாய்த்துக் காட்டினார். அடி பளபளத்தது.

"ஒரு பருக்கைகூட வீணாகல பாஸ். நீங்க சொன்ன மாதிரியே."

"அண்ணே, எனக்குப் பசிக்குது லா."

"அலாமாக்! திரையில வரலியே பாஸ்," என்றவர், சட்டியைத் தூக்கிக்கொண்டு லாரியில் ஏற்றப் போனார்.

சுலைமான் அண்ணன் இப்போது புக்கிட் தெங்காவில் கடைக்கு இடம் தேடி அலைகிறார். கோகிலன் மருத்துவமனையில் சேர்ந்துவிட்டார். அவசர சிகிச்சைப் பிரிவில் காத்திருக்கும் நோயாளிகளைச் சுழியமாக்குவதுதான் முதல் திட்டமாம்.

ஆக்கிவிடுவார். நான் கூடவே இருந்து பார்த்தவன்.