ராஜாவின் வாய்ப்புண்ணும் முயல் வாசல் மணத்தக்காளியும்

ஒரு காட்டில் சிங்கராஜாவுக்கு வாய்ப்புண் வந்தது. சாதாரணப் புண் இல்லை. எலும்பைப் பார்த்தாலே ராஜாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். மூன்று வேளையும் மோர்க்கஞ்சிதான்.

கரடி வைத்தியர் டார்ச் அடித்துப் பார்த்தார். "மணத்தக்காளிக் கீரை சாப்பிட்டா ஆறிடும் மகாராஜா. கடைக் கீரை வேண்டாம், மருந்தடிச்சது. வீட்டுத் தோட்டத்துக் கீரையா இருக்கணும்" என்றார். உடனே உத்தரவு பறந்தது. வீட்டுக்கு வீடு மணத்தக்காளி வளர்க்க வேண்டும். முதலில் வளர்ப்பவருக்குப் பொன்னாடை. அதற்கென்று ஒரு வாட்ஸ்அப் குழுவும் தொடங்கினார்கள்.

முயலுக்குச் செடி என்றால் உயிர். விதையைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்து, கொட்டாங்குச்சியில் தேங்காய் நார்த்தூள் நிரப்பி விதைத்தது. எறும்பு வராமல் சுற்றிலும் மஞ்சள்தூள் வேறு. எறும்புகள் அதைத் தாண்டி வந்து விதைகளை ஊர்வலமாகத் தூக்கிக்கொண்டு போயின.

குரங்கு கடைக் கீரையில் ஒரு தண்டை ஒடித்து மண்ணில் குத்தியது. வேர் விட்டதா என்று தினமும் காலையில் பிடுங்கிப் பார்த்து, படம் எடுத்துக் குழுவில் போட்டது.

"பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தா எப்படிப்பா வேர் விடும்? குரங்குப் புத்தின்னு சும்மாவா சொன்னாங்க!" என்று முயல் விழுந்து விழுந்து சிரித்தது.

கொண்டைக்குருவி எதையும் நடவில்லை. ஊருக்குள் போய் மணத்தக்காளிப் பழம் தின்றுவிட்டு, முயல் வளைக்கு மேலே கிளையில் உட்கார்ந்து எச்சம் போட்டது. "என் வாசல் என்ன உனக்குக் கக்கூசா?" என்று முயல் தினமும் சண்டைக்குப் போனது. ஒரு மழை பெய்ததும் அந்த வாசலில்தான் மணத்தக்காளி மளமளவென்று முளைத்தது.

"எல்லாம் நம்ம கைராசி!" என்று முயல் படம் எடுத்தது. குழுவில் போடப் போன நேரம், குரங்கு மரத்திலிருந்து குதித்துப் போனைப் பிடுங்கியது.

"அனுப்பிடாதீங்கண்ணே! வாய் ஆறினதும் ராஜா முதல்ல என்ன சாப்பிடுவாரு?"

முயல் போனைத் திரும்பப் பிடுங்க எக்கியது. குரங்கு அதைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டது.

"எத்தனை நாள் பட்டினி! நீங்க பக்கத்துல பொன்னாடையோட கொழுகொழுன்னு நிப்பீங்க."

முயலுக்குக் காது இரண்டும் தொங்கிவிட்டது. "அப்ப நீ தினமும் பிடுங்கினது?"

"பின்னே? ஒரு நாள் அசந்தாலும் வேர் விட்டுடுதுண்ணே. அந்தத் தண்டு லேசுல சாகாது."

தான் வளர்க்காத செடிதான். இருந்தாலும் முயலுக்குப் பாசம் வந்துவிட்டது. அழுதுகொண்டே ஓர் இலை விடாமல் தின்று தீர்த்தது.

மறுநாள் சிங்கம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பார்வையிட வந்தது. காடு முழுக்கக் காலித் தொட்டிகள்.

"ஒரு வீட்லகூடவா முளைக்கல?"

"மண்ணு சரியில்லீங்க மகாராஜா" என்றன எல்லா மிருகங்களும் ஒரே குரலில். கரடி வைத்தியரும் ஒரு பிடி மண்ணை முகர்ந்து பார்த்து, கஞ்சியைத் தொடரச் சொன்னார்.

நீதி: செடியை முளைக்க வைக்கப் பல வழிகள் உண்டு. முளைக்காததற்குக் காரணம் சொல்லத் தெரிந்தவனே நெடுநாள் தோட்டம் போடுவான்.