பிக்கிளைக் கேட்டுச் சொல்கிறேன்

பேரன்புக்கும் ஓரளவு கோபத்துக்கும் உரிய தங்கை மகள் ஹெதருக்கு,

ஸ்கார்பெக் கிராமத்திலிருந்து மாமா வில்ஃப்ரட் எழுதுவது. உடல் நலம், மனம் நலம், கால்சட்டை நலமில்லை. இந்தக் கடிதத்தை ஒற்றைக் கையால் எழுதுகிறேன். மற்றொரு கை உன் நாய் பிக்கிளின் தலைக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது, இழுத்தால் உறுமுகிறான். லீட்ஸில் நீ வீடு மாறும் வேலை நல்லபடியாக முடிந்திருக்கும் என்று நம்புகிறேன். முடியாவிட்டாலும், தட்டுமுட்டுச் சாமானெல்லாம் தெருவில் கிடந்தாலும், சொன்னபடி சனிக்கிழமை காலை நீ இங்கே வந்து உன் நாயை அழைத்துப் போய்விட வேண்டும்.

“ரொம்ப சாது மாமா, அவன் பாட்டுக்கு ஒரு மூலையில கிடப்பான்” என்று சொல்லித்தானே விட்டுவிட்டுப் போனாய்? மூலையில்தான் கிடக்கிறான். அவன் படுத்த பிறகு என் வீட்டில் வேறு மூலை மிச்சமில்லை. வந்த அன்றே என் தொப்பியில் பாதியைத் தின்றான். ராத்திரி அவன் விடும் குறட்டையில் சுவரிலிருந்த உலக வரைபடம் கழன்று விழுந்து ஆப்பிரிக்கா கிழிந்துவிட்டது. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்திய மனிதனுக்கு இது தாங்கக்கூடிய இழப்பா, நீயே சொல்.

ஒன்றை மட்டும் நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன். இந்த ஊருக்கு வந்து பன்னிரண்டு வருடமாகிறது. தனியாக நடக்கும் ஆண்பிள்ளையைக் கண்டால் நம் இங்கிலாந்து ஆட்கள் எப்படி இருப்பார்கள் என்று உனக்கே தெரியும். ஆட்டைத் திருட வந்தவனோ, நிலம் அளக்க வந்தவனோ என்பதுபோல ஒரு பார்வை, “காலை வணக்கம்” என்று ஒரு முணுமுணுப்பு, அவ்வளவுதான். உன் நாயைப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டினேன், மகாராணியே தேரில் புறப்பட்டதுபோல ஊரே திரும்பிப் பார்த்தது. கசாப்புக் கடைக்காரர் எலும்பு கொடுத்தார். தேவாலயத்து மணியடிப்பவர் கை குலுக்கினார், என் கையை அல்ல. இப்போது எனக்கு ஊருக்குள் ஒரு பட்டமும் இருக்கிறது: பிக்கிளோட அப்பா. என் சொந்தப் பெயரை ஒருவரும் கேட்கவில்லை. கேட்பது நம் வழக்கமும் இல்லையே.

அருவிக்குப் போகும் பாதையில்தான் அட்மிரலின் அம்மாவைப் பார்க்க ஆரம்பித்தேன். அட்மிரல் என்றதும் கடற்படைத் தளபதியோ என்று பயந்துவிடாதே; என் வலது பூட்ஸுக்குள் படுக்கவைத்து நாடாவும் கட்டிவிடலாம், அத்தனை சிறிய நாய். ஒரு காது நிற்கும், மற்றது வேலைக்கு வராது. அவனுடைய அம்மா என் வயதை ஒட்டியவர், சிவப்பு மழைக்கோட்டு, கையில் எப்போதும் ஒரு தேநீர்க் குடுவை. முன்பின் தெரியாத பெரியவர்கள் இருவர் நேருக்கு நேர் பேசிக்கொள்வது எப்பேர்ப்பட்ட அநாகரிகம்! ஆகவே நாங்கள் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. நாய்களிடம்தான் பேசினோம்.

“ஏன்டா பிக்கிள், இந்த மழையில உங்கப்பா தொப்பி இல்லாம வந்திருக்காரே, அவருக்குப் புத்தி இருக்கா?” என்று அவர் என் நாயிடம் கேட்பார்.

“அட்மிரல், உங்கம்மாகிட்ட சொல்லு. தொப்பி இருந்துச்சு, பிக்கிள் பாதியைத் தின்னுட்டான்” என்று நான் அவர் நாயிடம் சொல்வேன்.

“மீதிப் பாதியைப் போட்டுக்கிட்டு வர்றதுதானே பிக்கிள்?”

இப்படியாக மூன்று வாரத்தில் அரசியல், மூட்டுவலி, அவருடைய மறைந்த கணவர், நான் கல்யாணமே செய்துகொள்ளாத காரணம் எல்லாவற்றையும் இரண்டு நாய்கள் வழியாக அலசி முடித்துவிட்டோம். நாய்கள் ஒருமுறைகூடக் கொட்டாவி விடவில்லை.

நேற்றைய கதைக்கு வருகிறேன். இரண்டு நாள் அடைமழை தூறலாகத் தணிந்ததும், அட்மிரலும் அவன் அம்மாவும் நாங்கள் இருவருமாக அருவி பார்க்கக் கிளம்பினோம். ஆட்டு மந்தைக்குள் போகும்போது கயிற்றை விட்டுவிடாதே என்று ஆயிரம் தடவை சொன்னாயே, அந்தக் கவலையை இன்றோடு விடு. ஒரே ஒரு கிழட்டு ஆடு நிமிர்ந்து பார்த்தது. கன்றுக்குட்டி பருமனுள்ள உன் வீரன் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கண்ணை மூடிக்கொண்டான். மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவிலுள்ள கற்சுவரைத் தாண்டும் படிகளில் ஏறவும் மாட்டேன் என்றுவிட்டான். மூட்டை தூக்குவதுபோல நான்தான் தூக்கினேன். கடைசிச் சுவரின் உச்சியில் அவனும் நானும் கட்டிப்பிடித்தபடி மாட்டிக்கொண்டோம்; முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் இறங்க முடியவில்லை. கீழே நடைப்பயணக் குழு ஒன்று வரிசையில் வந்து நின்றது. ஒருவராவது கை கொடுத்தார்களா? “நல்ல வெயில் வரும்போல இருக்கு” என்றார் ஒருவர். மற்றவர்கள் மழையில் சொட்டச் சொட்ட ஆமோதித்தார்கள். கடைசியில் அட்மிரலின் அம்மாதான், “பிக்கிள், கொஞ்சம் பொறுத்துக்கோடா” என்று சொல்லிவிட்டு, அவன் பின்புறத்தை ஒரு தள்ளு தள்ளினார். நாங்கள் இருவரும் சேற்றில் விழுந்து நாகரிக உலகத்துக்குத் திரும்பினோம்.

அருவி சாதாரணமாக நம் வீட்டுக் குழாய் மாதிரிதான் இருக்கும். நேற்று வானத்தையே பிடித்து யாரோ கவிழ்த்ததுபோலக் கொட்டியது. அங்கே ஆடுகள் இல்லையென்று கயிற்றை அவிழ்த்துவிட்டோம். அவர் பழக் கேக்கைப் பாறைமேல் வைத்தார், நான் தேநீர் ஊற்றத் திரும்பினேன். திரும்பிப் பார்த்தால் கேக் இல்லை, பிக்கிள் இல்லை, அட்மிரலும் இல்லை. கீழே ஆறு, கட்டை ஒன்றைப் புரட்டிப் புரட்டி இழுத்துக்கொண்டு போனது.

ஹெதர், இந்த இடத்தில் நான் மிகைப்படுத்தவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை போய்விட்டது. அருவிச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. உன்னிடம் என்ன சொல்வேன் என்று நினைத்தேன். அவர் பக்கத்தில் வந்து நின்றார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாய் திறந்தேன். பழக்கதோஷம், குனிந்து கீழே பார்த்தேன். வெறும் தரை. அவரும் குனிந்தார். அங்கேயும் வெறும் தரை. பேசுவதற்கு யாருமே இல்லாமல் இரண்டு பேரும் நின்றோம்.

அப்புறம் அவர் நிமிர்ந்து என் முகத்தையே பார்த்துச் சொன்னார்: “எனக்கு பயமா இருக்கு.”

“எனக்கும்” என்றேன்.

“என் பேரு வினிஃப்ரட். உங்க பேரு?”

பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஒருவர் கேட்கிறார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பிக்கிள்” என்றேன்.

கண்ணில் தண்ணீரோடு அவர் சிரித்துவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்படியே பாறையைத் தடவித் தடவி, முழங்கால் தண்ணீரில், அருவியின் பக்கவாட்டில் போனோம். அதற்குப் பின்னால் ஒரு குகை. அதற்குள், எங்களுக்குத் தெரியாத ஏதோ பாறை வழியாகப் போய், அருவித் தண்ணீர் ஒரு சொட்டுக்கூடப் படாமல், உன் நாய் சம்மணமிட்ட சாமியார்போல உட்கார்ந்திருந்தான். முன்னங்கால்களுக்கு நடுவில் அட்மிரல். கேக்கில் மிச்சமிருந்தது ஒரே ஒரு திராட்சை. அதை மரியாதையாக எங்களுக்கு விட்டுவைத்திருந்தார்கள்.

வெளியே வந்ததும் கையை விட்டுவிட்டோம். நாய்கள் வந்துவிட்டன இல்லையா, பழையபடி ஆகிவிட்டது. திரும்பும் வழியில் மேய்ச்சல் நிலத்தின் கடைசிக் கதவருகே அவர் குனிந்து, “பிக்கிள், அடுத்த புதன்கிழமை உங்கப்பா வருவாரான்னு கேட்டுச் சொல்லு” என்றார்.

“அட்மிரல், பிக்கிள் சனிக்கிழமை லீட்ஸுக்குப் போறான்” என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் அட்மிரலின் நிற்காத காதைத் தடவிக்கொண்டிருந்தார். “அப்படியா அட்மிரல்” என்றார். பிறகு, வழக்கமாக இரண்டு தடவை சாத்திப் பார்க்கும் கதவைச் சாத்தாமலே போய்விட்டார். நான்தான் சாத்தினேன்.

ஆக, தாமதம் வேண்டாம். சனிக்கிழமை ஒன்பது மணிக்கெல்லாம் வந்து இந்த ராட்சசனை ஏற்றிக்கொண்டு போ. என் தொப்பிக்கும், கால்சட்டைக்கும், ஆப்பிரிக்காவுக்கும் விடுதலை கொடு. புது வீட்டில் நீ சகல சௌபாக்கியத்தோடும், கசியாத கூரையோடும், சத்தம் போடாத அண்டை வீட்டாரோடும் நீடூழி வாழ வேண்டும்.

ஆசிகளுடன்,
உன் மாமா வில்ஃப்ரட்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுவதற்கு முன் பிக்கிளுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். எனக்கு ஒன்றுமில்லை ஹெதர், சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போனாலும் போ. அவன்தான் இன்னும் ஒரு மாதம் இருக்க வேண்டும் என்கிறான். புதன்கிழமை அவனுக்கு ஏதோ வேலை இருக்கிறதாம். அவனுடைய குளிர்காலப் போர்வையைத் தபாலில் அனுப்பு. எனக்கும் ஒரு தொப்பி வேண்டுமாம்.