நாண் வளையமும் மச்சினனும்

இனி வில்தான் என்று முடிவு செய்தேன். அறுபத்தொன்றாம் வருஷம். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள். காத்திருக்கிறேன்.

காரணம் பன்றி. விஸ்வநத்தத்தில் எனக்கு இரண்டு ஏக்கர் கடலை. பொழுது சாய்ந்தால் காட்டுப்பன்றிகள் வந்து, விதைத்தவனைவிட உரிமையோடு தோண்டித் தின்றன. வெடி போட்டு விரட்டலாமே என்பீர்கள். தேசத்துக்கே வெடி அனுப்புகிற ஊரில் நான் ஓர் ஊசிவெடி கொளுத்த முடியாது. வரப்புக்கு அந்தப் பக்கம் தனுஷ்கோடியின் பட்டாசுக் கம்பெனி. மருந்து காய்கிற களம். துப்பாக்கி கூடாது. தீப்பந்தம் கூடாது. ஒரு பீடி பற்றவைக்க நான் அரை மைல் நடக்கிறேன்.

என் மனைவி மாரித்தாய் வழி சொன்னாள்.

"எந்தம்பி பலவேசத்தக் காவலுக்கு வரச் சொல்லுதேன். இங்கனயே தங்கிக்கிடட்டும்."

நல்ல யோசனை. பலவேசம் வந்தால் பன்றிகள் தாமாகவே ஒதுங்கிவிடும். அவற்றுக்கு மிச்சம் இருக்காது. போன பொங்கலுக்கு இரண்டு நாள் என்று வந்தவன் மாசி முடிந்துதான் போனான். என் சாய்வு நாற்காலி இன்னும் அவன் அளவுக்கே குழிந்து கிடக்கிறது.

"நானே காவல். வில்லால் அடிப்பேன்."

"அம்புட்டுத் தைரியமா? அப்ப வெள்ளிக்கிழம கிணத்து மேட்டுல ஒரு பூசணிக்கா வைக்கேன். இருவது அடி. மூணு அம்பு. ஒண்ணு பட்டாலும் எந்தம்பி வரமாட்டான். படலேன்னா சனிக்கிழம பஸ் ஏறிருவான்."

"சரி."

தனுஷ்கோடி மூங்கில் வில் ஒன்று கொடுத்தார். பெயரில் வில் வைத்திருப்பவர் வீட்டிலும் ஒன்று வைத்திருந்தார். முதல் நாளே நாண் என் மூன்று விரலையும் உரித்தது. மறுநாள் அவரே ஒரு தாளோடு வந்தார். வெடிக்குக் குழல் சுற்ற அவர் மூட்டை மூட்டையாகச் சீமைப் பழம்பேப்பர் வாங்குவார். அதில் ஒரு வெள்ளைக்காரன் படம். கையில் விசை வைத்த ஒரு கொக்கி. நாணில் சின்னதாய் ஒரு வளையம். வளையத்தில் கொக்கியை மாட்டி இழுத்து, விசையை அமுக்கினால் கொக்கி விட்டுவிடும். விரலுக்குச் சேதமில்லை.

"வளையத்த எதுல கட்டியிருக்கான்?"

"மீதிப் பக்கத்துல போட்டிருப்பான், அண்ணாச்சி."

"மீதிப் பக்கம் எங்க?"

"சரவெடியாச் சுத்திக் கல்கத்தாவுக்கு லோடு போயிருச்சே."

கொக்கியைக் கொல்லன் இருளாண்டி அரை நாளில் அடித்துக் கொடுத்தான். வளையம் கட்டுகிற வேலை என் தலையில் விழுந்தது. தையல் நூலில் கட்டினேன். அது அறுந்து, நான் மல்லாந்து விழுந்தேன். கம்பியில் கட்டினேன். அது நாணையே அறுத்தது. புது நாண் பூட்டினேன். வியாழக்கிழமை ஆகிவிட்டது.

மாரித்தாய் வந்தாள். அவள் பிறந்த வீடு சணல் வெடி சுற்றுகிற வீடு. நூல் விஷயத்தில் அவளை ஏமாற்ற முடியாது.

"இந்தாங்க, வெடி சுத்துற சணல். மூணு புரியா முறுக்கி, மெழுகு தேச்சு, சின்னதாக் கட்டுங்க. கொக்கி வழுக்கி விட்டுரும். தோலு மட்டும் வேண்டாம். வேர்வ பட்டா ஊறிப்போயிக் கொக்கியில ஒட்டிக்கிடும்."

நான் அவளைப் பார்த்தேன். தம்பி வரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறவள். இவள் எனக்குச் சரியான நூலைச் சொல்வாளாம். நான் வாங்கிக் கட்டிக்கொள்வேனாம்.

"உன் யோசனையை அடுப்படியில் வை."

"நல்லதுக்குத்தான சொல்லுதேன்."

"யாருக்கு நல்லதுக்கு?"

முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனாள். குட்டு உடைந்தால் முகம் தொங்கத்தானே செய்யும்?

பக்கத்தில் நின்ற தனுஷ்கோடி பேச்சை இழுத்தார். "தங்கச்சி சொன்னதையும் ஒருக்காக் கட்டிப் பாருங்களேன், அண்ணாச்சி."

"உமக்கு வெடியைத் தவிர என்னய்யா தெரியும்?"

மாட்டுக் கழுத்து மணிவாரில் ஒரு துண்டு அறுத்தேன். உயர்ந்த தோல். கட்டி, மாலை நிழலில் இரண்டு அம்பு விட்டேன். இரண்டும் வைக்கோல் போரில் குத்தி நின்றன. பலவேசத்தை மனத்துக்குள் வழியனுப்பி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை. பகல் பதினொரு மணி. நேரம் குறித்தவள் மாரித்தாய். வெயில் மண்டையைப் பிளந்தது. கம்பெனி ஆட்கள் வரப்பில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். சாப்பாட்டுக்கு முன்கூட்டியே விட்டாராம் தனுஷ்கோடி. நல்ல மனுஷன்.

முதல் அம்பு. இழுத்தேன். விசையை அமுக்கினேன். கொக்கி விடவில்லை. வேர்வையில் ஊறிய தோல் அதைப் பிடித்துக்கொண்டது. உதறினேன். உதறும்போது விட்டது. அம்பு எருக்குழியில் குத்தியது.

இரண்டாவது என் காலடியில் விழுந்தது. ஒரு கோழி வந்து பார்த்துவிட்டு, தின்கிற சாமான் இல்லை என்று போயிற்று.

மூன்றாவதற்குப் பல்லைக் கடித்து இழுத்தேன். கொக்கி கையைவிட்டு நாணோடு போயிற்று. அம்பு போகவில்லை. வரப்பில் ஒருவன் கைதட்டினான். எதற்கென்று இன்றுவரை தெரியாது.

பூசணிக்காய் கிணற்று மேட்டில் குத்துக்கல்லாட்டம் இருந்தது.

சனிக்கிழமை பகல் பஸ்ஸில் பலவேசம் வந்தான். பெட்டி, படுக்கை, தலையணை இரண்டு. "அத்தான் சௌக்கியமா இருக்கீகளா?" என்று கேட்டு, பதிலுக்கு நிற்காமல் என் நாற்காலியில் சாய்ந்தான்.

அடுப்படிக்குப் போனேன். மாரித்தாய் இரட்டைப்படி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"இப்பவாவது உண்மையைச் சொல்லு. அந்தச் சணல் சரியான நூல்தானா?"

"சரியான நூலுதான்."

"தோற்க வேண்டியவனுக்கு எதுக்குடி சரியான நூலைச் சொன்னே?"

அவள் கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"தப்பானதச் சொல்லியிருந்தா, எம்மேல உள்ள வீம்புல சரியானதக் கட்டித் தொலச்சிருப்பீகளே!"